சனிக்கிழமை ரூம்

"சாவியை வாங்கிக்கம்மா. அருமையான தூக்கம்!" என்றார் சாலமோன். ஞாயிறு காலை, கையில் பைபிளோடு பக்கத்தில் நின்ற மனைவி ரத்தினபாயும் தலையாட்டினார்.

தாம்பரத்தின் அந்தப் புது சொகுசு ஓட்டலில், ரிசப்ஷன் ஜீவிதா பூரித்துப் போனாள்.

"வாரா வாரம் சனிக்கிழமை தவறாம வர்றீங்க சார். எங்க மொட்டைமாடி டிஜே பார்ட்டிக்குத்தானே?"

"அதனாலதாம்மா வர்றோம்."

"ஆனா மேல உங்களைப் பார்த்ததே இல்லையே!"

"நாங்க ரூமை விட்டு வெளிய வர்றதில்ல. கதவைச் சாத்தினா துளி சத்தம் கேக்கல."

"பார்ட்டியால கெஸ்ட் தூக்கம் கெடக் கூடாதுன்னு ஓனர் ஸ்பெஷலா கண்ணாடி போட்டிருக்கார். எங்களுக்கு கெஸ்ட்தான் சார் முக்கியம்!"

"அது புரிஞ்சுதாம்மா நாங்க கெஸ்ட் ஆனோம். அடுத்த சனிக்கிழமைக்கு இன்னொரு ரூமும் சேர்த்துப் போட்டுடு."

"ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வர்றாங்களா? ஸ்டேஷனுக்கு கார் அனுப்பட்டுமா சார்?"

"வேணாம்மா, நடந்தே வந்துடுவார். உங்க பின்பக்கச் சுவரை ஒட்டி எங்க வீடு. அதுக்கு அடுத்தது எங்க சர்ச் போதகர் வீடு. போன ஞாயிறு பிரசங்கத்துல, பாவம், அவரே தூங்கிட்டார்."