இரண்டு பாட்டில்

“கையெழுத்துப் போடத் தெரியுமா, கைநாட்டா?”

“கைநாட்டு மேடம்” என்றாள் ஜெனி.

லூசி மை டப்பாவை மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார். ஜெனி இடது கட்டை விரலை மையில் அழுத்திப் படிவத்தின் அடியில் பதித்தாள்.

டெல்லி கரோல் பாக்கில் ஒரு தனியார் மருத்துவமனை. அதற்குத் துப்புரவு ஆட்களை அனுப்பும் ஒப்பந்தக் கம்பெனியின் அறை தரைக்குக் கீழே இருந்தது. லூசி அங்கே சூப்பர்வைசர். திருநெல்வேலிப் பக்கம். தமிழ் ஆட்கள் யார் வந்தாலும் அவரிடம்தான் அனுப்புவார்கள்.

“எதுவரைக்கும் படிச்ச?”

“அஞ்சாவது.”

“டெல்லியிலயே பொறந்துட்டு அஞ்சாவதா? அதுக்குக் கைநாட்டு வேறயா?”

“வீட்ல கஷ்டம் மேடம்.”

கஷ்டம் மட்டும்தான் உண்மை. ஜெனி எம்.எஸ்ஸி. வேதியியல்.

படித்து முடித்து இரண்டு வருடமாகிறது. ஆய்வகங்களில் அனுபவம் கேட்டார்கள். பள்ளிகளில் பி.எட். கேட்டார்கள். கடைசியில் துப்புரவு வேலைக்கே இரண்டு இடத்தில் போய் நின்றாள். சான்றிதழைப் பார்த்துவிட்டு, படித்த பெண் மூன்று மாதத்தில் ஓடிவிடுவாள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

படிப்புக்கு வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட முடியவில்லை. போன வாரம் வங்கியிலிருந்து என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர், அப்பா இஸ்ரவேல் காவலாளியாக இருக்கும் பள்ளி வாசலுக்கே வந்தார்கள். கடன் பத்திரத்தில் அவர் கையெழுத்தும் உண்டு. பிள்ளைகள் பார்க்க, அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை கிடையாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

அதனால் இன்று அவள் சான்றிதழை எடுத்து வரவில்லை.

“லோன் கீன் ஏதாச்சும் இருக்கா?”

“ஒரு பைசா கிடையாது மேடம்.” அதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள்.

லூசி படிவத்தில் கடனுக்கான கட்டத்தில் எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார்.

“உனக்கு முன்னால போனாங்களே, மஞ்சுன்னு ஒரு அம்மா. பன்னெண்டு வருஷமா வீட்டு வேல பாக்குறாங்க. கடன் கிடையாது, கை சுத்தம்னு அவங்களும் சொன்னாங்க. அவங்களையே வேண்டாம்னுட்டேன். உனக்கு என்ன தெரியும்?”

“சொல்லிக் குடுத்தா செய்வேன் மேடம். டாய்லெட்டுன்னாலும் சரி.”

“டாய்லெட்டுன்னாலுமா? டாய்லெட்டுக்குத்தான் ஆளே எடுக்குறோம்.”

லூசி எழுந்தார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு பக்கெட்டையும் இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களையும் எடுத்து வைத்தார்.

“இது பிளீச்சிங். இது பாத்ரூம் ஆசிட். ரெண்டையும் கலந்து தாரேன், அந்த மூலையத் துடைச்சுக் காட்டு. ஜல்தி.”

முதல் பாட்டிலைப் பக்கெட்டில் கவிழ்த்தார். இரண்டாவதன் மூடியைத் திருகிச் சாய்த்தார். ஜெனி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“ஊத்தாதீங்க! குளோரின் வரும். இங்க ஜன்னல்கூட இல்ல, ரெண்டு பேருக்கும் மூச்சு...”

வாயை மூடிக்கொண்டாள். அதற்குள் எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது.

லூசி தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். மணிக்கட்டில் மை ஒட்டியிருந்தது.

“குளோரினா? அஞ்சாங்கிளாஸ்ல ரொம்ப நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க.”

லூசி பக்கெட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

“மோந்து பாரு. ரெண்டும் பைப்புத் தண்ணி. படிப்ப மறைக்கிறவங்களக் கண்டுபிடிக்கத்தான் வச்சிருக்கேன்.”

அறையில் எந்த நெடியும் இல்லை. வேதியியல் படித்தவள் அதை முதலில் கவனித்திருக்க வேண்டும்.

“என்ன டிகிரி?”

“எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி.” நிமிர்ந்தாள். “மேடம், நான் ஓடிட மாட்டேன். சத்தியமா. எந்த ஷிஃப்ட் போட்டாலும் வரேன்.”

“லோன் இல்லன்னது?”

இனி மறைத்து என்ன பயன்? “அதுவும் பொய்தான். ஏழு லட்சம் வாங்கினது. வட்டியோட ஒம்பதைத் தாண்டிடுச்சு.”

“மாசாமாசம் ஒழுங்காக் கட்டினா எப்ப முடியும்?”

“பதினோரு வருஷம் ஆகும்.”

லூசி பாட்டில்களை மேசைக்கு அடியில் திருப்பி வைத்தார். ஜெனி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கட்டை விரலைத் துப்பட்டாவில் துடைத்தாள். மை போகவில்லை. கதவைத் திறந்தாள்.

“எங்க போற? நில்லு.”

லூசி படிவத்தை மறுபடி எடுத்து, காலியாக விட்டிருந்த கட்டத்தில் ‘பதினோரு வருடம்’ என்று எழுதினார். பிறகு கைநாட்டின் மேல் ஒரு கோடு போட்டு, படிவத்தையும் பேனாவையும் அவள் பக்கம் நீட்டினார்.

“உன் கையெழுத்தப் போடு. காலையில ஆறு மணிக்கு வந்துரு.”

ஜெனிக்குப் புரியவில்லை. “மேடம்... படிச்சவங்க ஓடிடுவாங்கன்னுதானே எல்லாரும்...”

“கடன் இல்லாதவங்கதான் ஓடுவாங்க” என்றார் லூசி. “நீ எங்க ஓடுவ?”