வீசாத பந்து

"திருப்பி வீசுங்க பெரியவரே. எதிராளி அடிச்ச பந்தை இந்த கேலரியில யாரும் வீட்டுக்குக் கொண்டுபோறதில்லை," என்றாள் மார்லீன்.

சுவரைத் தாண்டி வந்து விழுந்த பந்தை வெண்டல் இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். பிடித்த வேகத்தில் விரல் ஒன்று வீங்க ஆரம்பித்திருந்தது.

"வீசு! வீசு!" என்று கேலரி மொத்தமும் கத்தியது. பின்வரிசையிலிருந்து யாரோ பாப்கார்ன் டப்பாவை அவர் மேல் எறிந்தார்கள்.

மார்லீனுக்கு ஆச்சரியம். காலையில் வந்து உட்கார்ந்ததிலிருந்து பார்க்கிறாள். மனிதர் தலையில் சிகாகோ அணியின் தொப்பி, அதுவும் வெளுத்துப்போன பழைய தொப்பி. சிகாகோ மைதானத்தில் இந்தச் சனிக்கிழமை நடக்கும் பேஸ்பால் ஆட்டத்துக்காக விடிவதற்குள் பியோரியாவிலிருந்து பஸ் ஏறி வந்தவராம். அப்பேர்ப்பட்டவர் எதிரணி மில்வாக்கிக்காரன் கேலரிக்குப் பறக்க அடித்த ஹோம் ரன் பந்தை இப்படிக் கட்டிக்கொண்டு நின்றால்?

"சொந்த அணிக்காரங்க வாயில விழணும்னு உங்களுக்கு வேண்டுதலா?" என்றாள். பிறகு பாவமாகத்தான் இருந்தது. கைப்பையைத் துழாவி ஒரு அழுக்குப் பந்தை எடுத்தாள். "இந்தாங்க. இதுக்காகவே ஒண்ணு எப்பவும் பையில வெச்சிருப்பேன். இதை வீசிட்டு அதை ஒளிச்சுக்குங்க. ஒரு பயலுக்கும் தெரியாது."

"வேண்டாம்மா."

"ஏன்?"

"அடிச்ச பையன் பார்த்துட்டா? அவன் பந்தையே நான் தூக்கி எறிஞ்சுட்டதா நினைச்சுக்குவான்."

"நினைச்சா நினைச்சுட்டுப் போறான். உங்களுக்கென்ன?"

வெண்டல் உட்கார்ந்தார். கத்திக் கத்தி ஓய்ந்துபோனவர்கள் கடைசியாக ஒருமுறை ஊளையிட்டுவிட்டு ஆட்டத்தைக் கவனிக்கப் போனார்கள். ஏரிப்பக்கமிருந்து குளிர்காற்று வந்தது. வானம் காலையிலிருந்தே மூட்டமாகத்தான் இருந்தது.

அவருக்கு அந்தப் பக்கத்து இருக்கை காலியாகவே கிடந்தது. மார்லீன் தன் கோட்டை அங்கே போடலாமா என்று ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தாள். மன்னிக்கணும், அதுக்கும் டிக்கெட் வாங்கியிருக்கேன் என்றார். யாராவது வருகிறார்களா என்றதற்கு, இல்லை, ரெண்டா வாங்கிப் பழகிட்டேன் என்றார். பெண்சாதி போய்ச்சேர்ந்திருப்பாள் என்று மார்லீன் அதற்கு மேல் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் இளைஞன் படியேறி வந்தான்.

"சார், நான் மில்வாக்கி அணியில வேலை பார்க்கிறேன். கோல்பி ரேய்னருக்கு இது முதல் வருஷம். பெரிய லீக் ஆட்டத்துல அவர் அடிச்ச முதல் ஹோம் ரன் நீங்க பிடிச்சது. அந்தப் பந்து அவருக்கு வேணும். பதிலுக்கு அவர் கையெழுத்துப் போட்ட மட்டை தருவோம், சட்டை தருவோம். என்ன வேணும்னாலும் கேளுங்க."

"மட்டையும் கேளுங்க, சட்டையும் கேளுங்க," என்று மார்லீன் அவர் விலாவில் இடித்தாள்.

"ஒண்ணும் வேண்டாம் தம்பி. அவர் கையில நானே கொடுக்கணும். ரெண்டு நிமிஷம் போதும்."

"அவ்வளவுதானா? ஆட்டம் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போறேன். எல்லாருக்கும் செய்யறதுதான். உங்க பேர்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "வெண்டல் கிராஃப்."

அவன் போன பிறகு மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினார். தொப்பியைப் போட்டார், கழற்றினார், மறுபடி வாரினார்.

"ஏம்மா, சட்டையில கடுகு சாஸ் கொட்டியிருக்கா பாருங்க."

"இல்லை, நல்லாத்தான் இருக்கீங்க. பொண்ணு பார்க்கவா போறீங்க?"

"போய் நின்னதும் முதல்ல என்ன பேசறதுன்னுதான் தெரியல. ‘நல்லா அடிச்சே’ன்னு சொல்லலாமா? அது போதுமா?"

"அந்தப் பையன் வயசுக்கு நீங்க போய் நிக்கிறதே பெருசு. கைகுலுக்கிட்டு ஒரு போட்டோ எடுத்துக்குங்க."

சிகாகோ தோற்றது. அந்த ஒரு ஹோம் ரன்னால்தான் தோற்றது. ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினார்கள். போகிறபோக்கில் ஒருவன் வெண்டலைப் பார்த்து, "இப்ப சந்தோஷமா தாத்தா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவர் பந்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று மார்லீனும் போகாமல் இருந்தாள்.

தூறல் போட ஆரம்பித்த பிறகுதான் அந்த இளைஞன் வந்தான். தனியாக, மெதுவாக வந்தான். வெண்டல் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"போலாமா தம்பி?"

"இல்லை சார். பந்தை... நீங்களே வெச்சுக்கச் சொல்லிட்டார்."

"முதல் ஹோம் ரன் பந்தை எவனாவது வேண்டாம்பானா?" என்றாள் மார்லீன். "நீ சரியாச் சொல்லியிருக்க மாட்டே."

"முதல்ல துள்ளிக் குதிச்சார்மா. இவர் பேரைச் சொன்னதும்தான் உட்கார்ந்துட்டார்," என்றவன், வெண்டலின் முகத்தைப் பார்க்காமல், காலியாகக் கிடந்த அந்த இருக்கையைப் பார்த்தபடி சொன்னான்:

"‘எனக்கு எட்டு வயசுல, இந்த சனிக்கிழமை சிகாகோ மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், தொப்பி போட்டுக்கிட்டு வாசப்படியில இருன்னு சொல்லிட்டுப் போனவர்தான் எங்கப்பா. நான் நானாவே வந்து சேர்ந்துட்டேன்னு அவர்கிட்ட சொல்லிடு’ன்னார் சார்."