தகரப் பெட்டியில் ஒரு பிரெஞ்சுக் கடிதம்

மகனுடைய தகரப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் இன்னாசியம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். திருட வந்தவள்கூட இப்படிப் பயந்திருக்க மாட்டாள்.

"மேரி, நீ வாசல்ல நில்லு. அண்ணன் தலை தெரிஞ்சா இருமு."

மகள் ஆனந்தமேரி நிலைப்படியில் போய் நின்றாள். அருளப்பன் முடிவெட்டிக்கொள்ளக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். வருவதற்கு எப்படியும் அரை மணி ஆகும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், மே மாத லீவு. அருளப்பன் மெட்ராஸில் பி.ஏ. படிக்கிறான். வெறும் பி.ஏ. என்றால் வம்பே இல்லை. பையன் எடுத்திருப்பது பிரெஞ்சு, கூடவே ஸ்பானிஷ். திண்டுக்கல்லில் இன்னாசியம்மாள் பார்த்தவரைக்கும் அந்த மாதிரி பாஷை பேசியவர்கள் எல்லாருமே வெள்ளை அங்கி போட்ட வெளிநாட்டுச் சாமியார்கள்தான்.

சுருட்டுக் கம்பெனியில் பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டுகிற பேச்சாயி வேறு சும்மா இருக்கவில்லை. "சாமியாராப் போறவனுக்குத்தானக்கா இந்தப் படிப்பெல்லாம்?" என்று பற்ற வைத்துவிட்டாள். அன்றைக்குப் போன தூக்கம்.

புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மகள் நாளைக்கே ஒருத்தன் வீட்டுக்குப் போகிறவள். இருக்கிற ஒரே ஆண்பிள்ளையும் துறவற சபையில் சேர்ந்துவிட்டால் கடைசிக் காலத்தில் ஒரு வாய்க் கஞ்சி ஊற்ற யார் இருக்கிறார்கள்?

அவன் நடப்பும் சரியாக இல்லை. விடிவதற்குள் தங்கச்சியையும் கிளப்பிக்கொண்டு பூசைக்குப் போய்விடுகிறான். வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்தால் பேச்சை மாற்றுகிறான். பங்குச் சாமியாரிடம் கேட்டால், "உங்க வீட்டுக்குப் பெரிய ஆசீர்வாதம் வருதும்மா" என்று சிரிக்கிறார்.

அதற்காகத்தான் போன லீவிலேயே மகளை உளவுக்கு வைத்தாள். "நீயும் அவன்கிட்ட உக்காந்து அந்தப் பாஷையக் கத்துக்க. யாருக்கு எழுதுறான், என்ன எழுதுறான்னு எனக்குச் சொல்லு."

மேரி சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. அண்ணனோடு உட்கார்ந்து வாய் வலிக்கப் படித்தாள். தலைக்குப் பூ வைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. ஆசையாக நிலக்கோட்டை மல்லிகை வாங்கிக் கொடுத்தால், அது நேராக மாதா படத்துக்குப் போய்விடும்.

பெட்டியில் வேட்டி, சட்டை, தடித்தடியாகப் புத்தகங்கள். அடியில் ஒரு துண்டு. அதற்குள் ஒரு புதுச் செபமாலையும் நாலாக மடித்த கடிதமும் இருந்தன. கடிதத்தின் தலைப்பில் சிலுவை அச்சடித்திருந்தது.

"மாட்டிக்கிட்டான்டி. இந்தா, படி."

மேரி வாங்கிப் பிரித்தாள்.

"பிரெஞ்சுல இருக்கும்மா. பாண்டிச்சேரியில இருந்து வந்திருக்கு. மொதல்ல பேரு போட்டிருக்கு. பேரைப் படிக்கவா?"

"பேரு எனக்குத் தெரியாதாக்கும்? வச்சவளே நான்தான். விசயத்தப் படி."

மேரி தட்டுத் தடுமாறாமல் படித்தாள். "உங்க விண்ணப்பம் கிடைச்சது. சபையில சேத்துக்கச் சம்மதம். ஜூன் பதினஞ்சாம் தேதி வந்து சேரணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "அதுக்கு முந்தி, பெத்தவங்ககிட்ட மறைக்காமச் சொல்லி, ஆசீர்வாதம் வாங்கிட்டு வரணும்."

இன்னாசியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேரி இருமவே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் அருளப்பன் வாசலில் நிற்கிறான்.

"ஏலே, சாமியாராப் போறியா? சுருட்டுச் சுருட்டி வெரல் தேஞ்சது இதுக்குத்தானா? என்னையக் குழியில வச்சு மூடிட்டுப் போ, ராசா."

அருளப்பன் கடிதத்தைப் பார்த்தான். தங்கச்சியைப் பார்த்தான். "நான் எங்கயும் போகலம்மா."

"பொய் சொல்லாத. மாதா மேல சத்தியம் பண்ணு."

அவன் போய் மாதா படத்தில் கையை வைத்தான். "சத்தியமாம்மா. நம்ம சுக்கூர் பாய் தோல் பதனிடுற ஷாப்புல வேலை போட்டுத் தாரேன்னு சொல்லிட்டாரு. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் சரக்கு போகுதாம். அங்க இருந்து வர்ற கடுதாசியப் படிச்சுப் பதில் எழுத ஆள் வேணுமாம். படிப்பு முடிஞ்சதும் இங்கதான், ஒன் காலடியிலதான். நீ பாக்குற பொண்ணையே கட்டிக்கிறேன், போதுமா?"

போன உயிர் இன்னாசியம்மாளுக்குத் திரும்பி வந்தது. எழுந்து மகன் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"இது தெரியாம ரெண்டு வருசமா நெருப்பத் தின்னுட்டுக் கெடந்தேனே. மேரி, அடுப்பப் பத்த வையி. இன்னைக்குக் கறி எடுத்து ஆக்குவோம்."

மேரி நகரவில்லை. அப்போதுதான் இன்னாசியம்மாளுக்கு அவள் கையிலிருந்த கடிதம் ஞாபகத்துக்கு வந்தது.

"அப்ப அது யாரு கடுதாசி? ஒன் பெட்டிக்குள்ள எதுக்கு வந்துச்சு?"

அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "வீட்டுக்கு வந்தா தபால்காரர் ஒன் கையில குடுத்துருவாரு. அதான் என் ஹாஸ்டல் விலாசத்துக்கு வரவழைச்சோம்."

"வரவழைச்சோமா? நீயும் யாரும்?"

அவன் தங்கச்சியைப் பார்த்தான். இன்னாசியம்மாள் மெதுவாக மகள் பக்கம் திரும்பினாள்.

மேரி கடிதத்தை மறுபடியும் பிரித்துப் பிடித்தாள்.

"இப்பப் பேரைப் படிக்கவாம்மா?"