தவளையை ஓட்டியது யார்?

“தவளையை எடுத்துக்கிட்டு ஊர் சுத்துறது யாரா இருந்தாலும் சரி, இப்பவே முன்னால வந்துடு. நானா கண்டுபிடிச்சா மரியாதை இருக்காது.”

கடையில் வேலை செய்யும் மூன்று பேரையும் நிற்க வைத்துக் கத்தினேன். மூன்று பேரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

தவளை என்பது ஒரு கார். ரெண்டே கதவு. தரையோடு தரையாகக் குந்தியிருக்கும்.

நான் பழைய கார் வாங்கி விற்கிறவன். எந்தக் காரையும் திட்டித் திட்டித்தான் வாங்குவேன். விற்கும்போது அதையே கொஞ்சுவேன். தொழில் அப்படி. தவளையைக் கொஞ்சம் கூடுதலாகவே திட்டிவிட்டேன் போலிருக்கிறது. சொந்தக்காரர் மனசு விட்டுப்போய், ஓட்டைக் குடும்பக் கார் விலைக்கே சாவியைக் கொடுத்துவிட்டார். கூத்து என்னவென்றால், நான் திட்டியதை நானே நம்பிவிட்டேன். அதை ஒருநாளும் தெருவில் ஓட்டிப் பார்க்கவில்லை. அதன் மாற்றுச் சாவி, கடை கேட்டின் மாற்றுச் சாவியோடு வீட்டு ஆணியில் தொங்கியது.

வாங்க வருகிறவர்களும் அப்படித்தான். குடும்பத்தோடு வருவார்கள். பின் சீட்டை எட்டிப் பார்ப்பார்கள். “இதுல பையை வைக்கலாம், பொண்டாட்டியை வைக்க முடியாதே” என்று சிரித்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் நாலு கதவுக்கு நகர்ந்துவிடுவார்கள்.

வீட்டில் என் மாமியார் வேறு. மதியமானால் முட்டி வலிக்குப் பயிற்சி என்று கிளம்பிவிடுவார். என் காரில் ஏறினால் கண்ணை இறுக மூடிக்கொண்டு கைப்பிடியில் தொங்குவார். மாட்டு வண்டி எங்களை முந்தினால்தான் அவருக்கு நிம்மதி.

“அந்தத் தவளையை எடைக்குப் போட்டுடுங்க மாப்பிள்ளை. பாதி செஞ்சுக்கிட்டு இருக்கும்போதே காசு தீர்ந்துபோய் விட்டுட்டாங்க போல” என்பார்.

“சரிங்க அத்தை” என்பேன். வேறென்ன சொல்வது?

தவளைக்காகப் பரிந்து பேசியது மெக்கானிக் ஒருத்தர்தான். இதன் எஞ்சின் பெரிய பணக்காரன் வண்டிக்குள் இருக்க வேண்டியது, வளைவில் திருப்பினால் ஆணி அடித்த மாதிரி நிற்கும், இந்த விலைக்கு இப்படி ஒன்று உலகத்தில் கிடைக்காது என்று நச்சரிப்பார். “ஒரு தடவை ஓட்டிட்டு அப்புறம் திட்டுங்க முதலாளி.”

அதனாலேயே சந்தேகம் அவர்மேல் விழுந்தது.

நான் மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பினால், தவளையின் பானெட் கொதிக்கும். டயரில் புதுச் சேறு. பெட்ரோல் முள் படுத்துக் கிடக்கும். மற்ற இரண்டு பேரும் வெளியே சாப்பிடப் போகிறவர்கள். அந்த நேரத்தில் கடையில் இருப்பது டிபன் பாக்ஸோடு வரும் மெக்கானிக் மட்டும்.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“நான் ஓட்டல முதலாளி.”

“அப்ப யாரு?”

“அதை என்கிட்ட கேட்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. செய்வதையும் செய்துவிட்டு எனக்கே நல்லது சொல்ல வந்துவிட்டாரா? வாய்க்கு வந்ததைப் பேசினேன். இனி இந்தப் பக்கம் தலை காட்ட வேண்டாம் என்றேன். பிள்ளைகளைப் படிக்க வைக்கிற மனுஷன். ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மதியம் திரும்பி வந்து பானெட்டில் கை வைத்தேன்.

கொதித்தது.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அநியாயமாக ஒருத்தர் பிழைப்பில் மண்ணைப் போட்டாயிற்று. உண்மையான ஆளைப் பிடிக்காமல் எந்த முகத்தோடு போய் அவரைக் கூப்பிடுவது?

அடுத்த நாள், சாப்பிடப் போகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பின்பக்கமாகத் திரும்பி வந்து தவளைக்குள் நுழைந்தேன். முன் சீட்டுக்குப் பின்னால், ஆளை மூன்றாக மடித்தால்தான் இடம். கார் உறையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டேன். ஆட்கள் கேட்டைப் பூட்டிவிட்டுப் போனார்கள்.

சற்று நேரத்தில் கேட்டில் சாவி திரும்பியது. யாரோ வந்து ஏறி உட்கார்ந்தார்கள். பிடரியைப் பிடிக்கலாமென்று நான் கையை உருவுவதற்குள் எஞ்சின் உறுமிவிட்டது.

கடைத்தெரு தாண்டும்வரை பூனை மாதிரி போன வண்டி, புறவழிச் சாலை வந்ததும் பாய்ந்தது. என் வயிறு முதுகோடு போய் ஒட்டிக்கொண்டது. கியர் ஒவ்வொன்றும் சொன்ன பேச்சைக் கேட்டது. வளைவில் உருண்டு செத்தோம் என்று பல்லைக் கடித்தேன். வண்டி இம்மிகூட ஆடவில்லை. எஞ்சின் சத்தம் ஏற ஏற எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அடப்பாவி, இதையா திட்டினோம்? இதையா எடைக்குப் போடப் பார்த்தோம்?

சும்மா சொல்லக்கூடாது, ஓட்டுகிற கையும் லேசுப்பட்ட கை இல்லை. பிடிக்க வந்ததையே மறந்து இன்னொரு வளைவு வராதா என்று ஏங்கிக் கிடந்தேன். அப்புறம்தான் ஸ்பானர் பெட்டியோடு போனவரின் முகம் நினைவுக்கு வந்தது. போன கோபமெல்லாம் வட்டியோடு திரும்பியது.

வண்டி ஓரங்கட்டி நின்றது. உறையை உதறிவிட்டு எழுந்தேன். தலை கூரையில் ‘ணங்’கென்று முட்டியது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். முன்னால் இருந்த சின்னக் கண்ணாடியில் அந்த முகம் தெரிந்தது. திறந்த வாய் திறந்தபடியே நின்றது. மெக்கானிக் ஏன் வாயைக் கட்டிக்கொண்டு போனார் என்று அந்த நொடியில்தான் புரிந்தது.

முட்டிய தலையைத் தேய்த்துக்கொண்டே சொன்னேன்.

“எஞ்சினை அணைக்காதீங்க. முன் சீட்டு காலியாவே இருக்கட்டும், நான் இங்கேயே முடங்கிக்கிறேன். நேரா மெக்கானிக் வீட்டுக்கு விடுங்க. உங்க வாயாலேயே அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டு, கையோட கடைக்குக் கூட்டிக்கிட்டு வாங்க, அத்தை.”