பீரோவுக்குள் போன புது லேப்டாப்

கனகசபை வீட்டு லேப்டாப்புக்கு ஏழு வயது. லேப்டாப் கணக்கில் அது தள்ளாத வயசுதான். திறந்தாலே மூச்சு இரைக்கும். மூடியில் ஏழு ஆயுத பூஜையின் குங்குமக் கறை.

"இந்த வருஷமாவது உனக்கு ஓய்வு கிடைக்குமா அண்ணே?" என்று கேட்டது, கழுத்தில் டேப் சுற்றிய சார்ஜர்.

"புது லேப்டாப் தேடறதையும் என்கிட்டதானே செய்யறார்! நாலு மாசமா இதுவா அதுவான்னு பார்த்துப் பார்த்து என் உயிரை எடுக்கறார்" என்றது லேப்டாப்.

ஒருநாள் கனகசபை ஒருவழியாக வாங்கும் பக்கம் வரை வந்தார். இப்போது நின்றுபோனால் இன்னும் நாலு மாதம் இழுப்பார் என்று பயந்து, உடம்பெல்லாம் கொதிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு லேப்டாப் ஆர்டரை அனுப்பி முடித்தது.

பூஜையன்றே புதுசு வந்து சேர்ந்தது. கனகசபை அதற்குப் பொட்டு வைத்தார். ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட உரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"புதுசு, பாழாயிடும். தினப்படி வேலைக்கு இதுவே போதும்" என்று பழையதைத் திறந்தார்.

பீரோவுக்குள்ளிருந்து ஒரு இளங்குரல் கேட்டது. "அண்ணே, என்னை எப்போ வெளியே எடுப்பாங்க?"

பழையது இரைத்தபடியே சொன்னது: "நான் செத்தாத்தான், தம்பி."