ஐந்து நாள் அதிரசம்

வெள்ளிக்கிழமை மதியமும் பத்மாவின் பித்தளை டப்பாவில் இரண்டு அதிரசம் இருந்தது.

ஜெயம்மாள் டீச்சர் இரண்டையும் எடுத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டாள். பத்மா அழவில்லை. முகம்கூடச் சுண்டவில்லை. காலி டப்பாவை வாங்கி மூடிக்கொண்டு, மற்றப் பிள்ளைகள் போன பக்கம் போய்விட்டாள்.

அதுதான் டீச்சருக்குப் பிடிபடவில்லை. இனிப்பைப் பிடுங்கினால் அழாத பிள்ளையும் உண்டா?

திங்கட்கிழமை போட்ட உத்தரவு அது. பிள்ளைகள் கொண்டுவரும் சாப்பாட்டில் இனிப்பு கூடாது. யுத்த காலம். சர்க்கரைக்குக் கார்டு, வெல்லம் கிடைப்பதே அருமை. ஒரு பிள்ளை கடித்துத் தின்ன, நாற்பது பிள்ளைகள் எச்சில் விழுங்கிக்கொண்டு பார்ப்பதாவது என்று பெரிய டீச்சர் சொன்னபோது ஜெயம்மாளுக்கும் நியாயமாகத்தான் பட்டது. பிடுங்கியதை வீட்டாரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் உத்தரவில் இருந்தது.

மற்ற வீடுகளில் மறுநாளே நிறுத்திவிட்டார்கள். பத்மாவின் அப்பா மட்டும் நிறுத்தவில்லை. மலைக்கோயில் படிக்குக் கீழே பலகாரக் கடை வைத்திருக்கும் மணவாளன். நாள் தவறாமல் இரண்டு அதிரசம்.

மகளுக்கு அவ்வளவு செல்லமா? நேரிலேயே கேட்டுவிடுவது என்று ஜெயம்மாள் ஆள் அனுப்பியிருந்தாள்.

அவர் வந்தார். தோள் துண்டில் கையைத் துடைத்தபடி வாசலிலேயே நின்றார். வலது கையில் மணிக்கட்டுக்கு மேலே எண்ணெய் தெறித்த புள்ளிகள்.

“தெனமும் இனிப்பையே குடுத்தா கொழந்தை ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? சோறு வெச்சி அனுப்புங்க.”

மணவாளன் விழித்தார். “அது இனிப்ப வாயிலயே வெக்காதுங்களே, டீச்சரம்மா.”

பாகு நெடியிலேயே பிறந்து வளர்ந்த பெண். தொட்டுக்கூடப் பார்க்காதாம்.

“அப்புறம் எதுக்கு வெச்சி அனுப்பறீங்க?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பெண்சாதி போய்ச் சேர்ந்து எட்டு மாதம். மலையேறும் கூட்டத்துக்காக விடியும் முன்னே அடுப்பு மூட்டியாக வேண்டும். பாகு என்ன பதம் என்று விரலால் தொட்டே சொல்லிவிடுவார். சோறு வடித்தால் மட்டும் ஒரு நாள் குழைந்துவிடும், ஒரு நாள் நறுக்கரிசியாக நிற்கும். ராத்திரி எப்படியோ ஒரு கஞ்சி காய்ச்சிவிடுகிறார். மதியத்துக்கு?

“எந்தக் கொழந்தையாச்சும் அதிரசத்த எடுத்துகினு ரெண்டு வாய் சோறு குடுக்கும்ல. அதுக்குத்தாங்க.”

ஜெயம்மாள் அலமாரியைத் திறந்தாள். எறும்பு ஊர்ந்த தகர டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஐந்து நாள் அதிரசமும் அதில் அப்படியே இருந்தது. உத்தரவைப் பற்றிச் சொன்னாள்.

பத்மா வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை போலிருக்கிறது. மணவாளன் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்போ அஞ்சு நாளா அது இன்னா துன்னுச்சி?”

டீச்சருக்குத் தெரியவில்லை. தினமும் டப்பாவைத் திறந்து பார்த்தாள், இருந்ததை எடுத்தாள், பிறகு தன் தயிர்ச்சோற்றைச் சாப்பிடப் போய்விட்டாள். அந்தப் பெண் எங்கே போய் உட்காருகிறாள் என்று ஒரு நாளாவது பார்த்திருக்கலாம்.

இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் நடந்தார்கள். மணவாளன் நடக்கவில்லை, ஓடினார்.

“நேத்து சாயங்காலம்கூட ‘மதியம் கத்திரிக்காக் கொழம்பு, நைனா’ன்னு சொல்லிச்சே... பொய்யா சொல்லிச்சி?”

கிணற்றடிப் பூவரச மரத்துக்குக் கீழே பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பத்மா. மடியில் அந்தப் பித்தளை டப்பா திறந்திருந்தது. தறிக்காரர் மகள் எல்லம்மாள் தன் தூக்கிலிருந்து கேழ்வரகுக் களியைப் பிட்டு அதில் போட்டாள். பக்கத்திலிருந்த இன்னொருத்தி கிண்ணத்தைச் சாய்த்துக் கீரைக் குழம்பை ஊற்றினாள். பத்மா களியைக் குழம்பில் புரட்டி விழுங்கிக்கொண்டே, வாய் நிறைய என்னவோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

மணவாளன் சுவரோரமே நின்றுவிட்டார்.

“சும்மாவேங்களா குடுக்குதுங்க?”

பிடுங்கிவிடுவார்கள் என்று தெரிந்தும் அந்தப் பெண் ஏன் தினமும் அதிரசத்தைச் சுமந்துகொண்டு வந்தாள் என்பது இப்போதுதான் ஜெயம்மாளுக்கு விளங்கிற்று. உத்தரவை வீட்டில் சொல்லியிருந்தால், நாளைக்கு எதை வைத்து அனுப்புவது என்ற கவலையில் இந்த மனுஷன் தூங்கியிருக்க மாட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் முகம் இன்னும் தெளியவில்லை. மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லம்மாள் இன்னொரு கவளம் உருட்டி நீட்டினாள். பத்மா டப்பாவின்மேல் கையை விரித்து மூடிக்கொண்டு, தலையைத் தலையை ஆட்டினாள்.

எட்டு மாதமாக வீட்டில் கஞ்சி ஊற்றும்போது அவள் அப்படிக் கையால் மறித்து அவர் பார்த்ததே இல்லை.

“போதுங்குது, டீச்சரம்மா,” என்றார் மணவாளன்.