தவளையோட மூணாவது உயிர்

வீடியோ கேம் தவளை ஒண்ணு இருந்துச்சு. அது குடியிருந்த கேசட் செத்துப்போச்சு. அந்தக் கேசட்டைத் தூசி போக ஊதி ஊதியே ஒருத்தர் நாதஸ்வரம் கத்துக்கிட்டாராம், அது கிடக்கட்டும். இனிமே தவளைக்கு, பழைய கேமைப் புது மெஷின்ல ஓட்டுற எமுலேட்டர்லதான் பொழைப்பு.

"வாடா தவளை! என்கிட்ட பதினாறு எமுலேட்டர் இருக்கு! அந்தக் கண்ணாடி ஒடைஞ்ச போன் பயகிட்ட ஒண்ணே ஒண்ணுதான்"னு புது லேப்டாப் கூப்பிட்டுச்சு. தவளையும் போச்சு. அங்க ஆட்டம் பறந்த வேகத்துல, காலைத் தூக்குறதுக்குள்ள பள்ளம் வந்து, மூணு உயிர்ல ரெண்டு போயிருச்சு!

"இங்க வா மாப்ள, என்னோடது உன் பழைய வேகத்துலயே ஓடும்"னு போன் சொல்லுச்சு.

கடைசி உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு தவளை அங்க ஓடுச்சு. பள்ளம் வந்துச்சு. ஒரே தாவு! ஆத்தாடி, தாண்டிருச்சு! அடுத்த பள்ளம், அதுக்கடுத்த பள்ளம், எல்லாம் தாண்டிருச்சு!

லேப்டாப் மெல்ல எட்டிப் பார்த்துச்சு. "போன் அண்ணே, அந்த எமுலேட்டர் பேரு என்னண்ணே?"